பெட்டகத்தில் கிடைத்த பழைய போலீஸ் ரிவால்வர்: அடையாளம் காண, நிலை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளத்தூரில் ஒரு பங்கு வீடு. ஆறு புள்ளிக்கு (குடும்பத்துக்கு)ச் சொந்தம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். போன தை மாதம் ஒரு சாந்திக் கல்யாணத்துக்காகத் திறந்து ஒட்டடை அடித்தார்கள். மறுநாள் ஆச்சி போன் செய்தார். "தம்பி, எங்க மாமனார் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த சாமான் ஒண்ணு பெட்டகத்துக்குள்ள கெடக்கு. எங்க வீட்டுக்காரவுக போனதுக்கு அப்புறம் நான் அதைத் தொடவே இல்ல. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடியில் குடியேறிய பிறகு இப்படி ஐந்தாறு வீடுகளிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன தலைமுறை ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கடை வைத்த ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் கடிகாரம், கண்ணாடி, பெல்ஜியம் விளக்கோடு சில வீடுகளில் ரிவால்வரும் உண்டு. அவற்றில் சில, ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஊர் போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கியவை. அப்படிப்பட்ட ஒன்றை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மதிப்பிடுவது என்பதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தயவு செய்து துடைக்காதீர்கள். புளி, சாம்பல், பிராசோ எதுவும் அதன் மேல் படக் கூடாது. அது எங்கே இருந்தது, எப்படிப் புழங்கியது என்பதெல்லாம் அதன் தேய்மானத்தில்தான் இருக்கிறது.

முதல் படி: காகிதம்

ஆச்சி வீட்டுக்குப் போனதும் நான் கேட்டது லைசென்ஸ் புத்தகத்தை. உரிமம் அவர் கணவர் பெயரில் இருந்தது, அவர் காலமாகி இரண்டு மாதம். உரிமதாரர் இறந்துவிட்டால் அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேறு யாருக்கும் உரிமை இல்லை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதனால் நான் அன்றைக்கு அந்தப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல், அப்புறம் மதுரையில் ஒரு கடையில் ஒப்படைப்பு. கீழே நான் சொல்லும் சோதனை எல்லாம் அந்தக் கடையின் மேசையில், கடைக்காரர் முன்னிலையில் செய்தவை.

வாரிசுக்கு வழி இருக்கிறது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி உரிமதாரர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்ற வேண்டுமானால் அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 25 வருடம் அந்த ஆயுதத்தை வைத்திருந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்து என்றாலும் இதே கணக்குத்தான்.

உரிமமே இல்லாமல் ஒன்று கிடைத்தால் அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, ஒரு வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தகவல் கொடுங்கள். "பழசுதானே, கலைப்பொருள்தானே" என்ற வாதம் பெரும்பாலும் நிற்காது. விதிவிலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் வாங்குவது போல ரிவால்வரை யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது.

இரண்டாம் படி: காலியா என்று பார்ப்பது

துப்பாக்கியின் வாய் சுவரைப் பார்க்கட்டும். விரல் விசை வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். தோட்டா எதுவும் அந்த மேசையில் இருக்கக் கூடாது.

நம் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நடுவில் மடிந்து திறக்கும் வகை. சுத்தியலுக்கு (தோட்டாவை அடிக்கும் பாகம்) பக்கத்தில், இடது புறம் ஒரு நெம்பு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் பேரல், அதாவது குழல், கீழே சாயும், சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற ஒரு துண்டு எழும்பி உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். தடித்த துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள். ஆறு அறையையும் கண்ணால் எண்ணுங்கள், பிறகு விரலாலும் தடவிப் பாருங்கள்.

பக்கவாட்டில் சிலிண்டர் வெளியே வரும் வகையும் உண்டு. இடது புறத் தாழ்ப்பாளை முன்னால் தள்ளினால் திறக்கிறதா, அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். பின்னால் இழுத்தால் திறக்கிறதா, கோல்ட்.

திறக்க மாட்டேன் என்று இறுகிக் கிடந்தால் பலவந்தம் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) விடுங்கள்.

ஆச்சி வீட்டு ரிவால்வர் தோலுறையோடு ஒட்டிப் போயிருந்தது. தோல் பதனிடும் சரக்கும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும், பித்தளை பச்சை பூக்கும். இடுப்புப் பட்டையின் வளையங்களில் நான்கு தோட்டா. ஒவ்வொன்றின் இடுப்பிலும் மெழுகு போல ஒரு பச்சைப் பத்து. அந்த நான்கும் உரிமப் புத்தகத்தில் கணக்கில் இருந்ததால் அவற்றுக்கும் ரசீது வாங்கினோம். பழைய தோட்டாவைச் சுட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

மூன்றாம் படி: இது யார்?

நம் ஊரில் கண்ணில் படுபவை நான்கைந்து வகைதான்.

முதலாவது, பர்மிங்ஹாமில் செய்த வெப்லி. இடது பக்கத்தில் சிறகு முளைத்த தோட்டாப் படம் ஒரு அடையாளம். .38 (துளை அளவு) நான்காம் மார்க் (மாதிரி எண்) என்றால் சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டையில் அதை எழுதி, கூடவே 145/200 என்றும் இருக்கும். அது தோட்டாவின் முனை எடை, கிரெயின் என்ற சிறு எடைக் கணக்கில். இதற்கு முந்தைய பெரியவர் .455 ஆறாம் மார்க். 1915-இல் ராணுவத்துக்கு வந்தது, ஆறு அங்குலக் குழல். கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும்.

இரண்டாவது, என்ஃபீல்டு இரண்டாம் எண். பார்க்க வெப்லியின் தம்பி மாதிரி இருக்கும். சுத்தியலுக்குக் கீழே வலது பக்கத்தில் கிரீடம், என்ஃபீல்டு என்ற பெயர், வருடம் எல்லாம் இருக்கும். 1932-இல் ஏற்கப்பட்டது. 1938-இல் வந்த மாற்றத்தில் சுத்தியலின் கட்டைவிரல் கொக்கியை எடுத்துவிட்டார்கள், அதனால் விசையை முழுதாக இழுத்துத்தான் சுட முடியும். கொக்கி இல்லாததைப் பார்த்து உடைந்துவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்ததில்லை, பிறவியே அப்படி.

மூன்றாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'விக்டரி'. 1942 முதல் 1945 வரை போர்க்காலத்தில் செய்தது. வரிசை எண்ணுக்கு முன்னால் வி என்ற ஆங்கில எழுத்து, மங்கலான சாம்பல் பூச்சு. பிரிட்டிஷ் நாடுகளுக்கு அனுப்பப்பட்டவற்றில் ஐந்து அங்குலக் குழல் அதிகம்.

நான்காவது, கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32. வெப்லியின் சாயலில் வந்தது. இன்று உரிமம் வைத்திருக்கும் பலர் வீட்டில் இருப்பது இதுதான்.

எழுத்தே தேய்ந்து போயிருந்தால் குழலுக்குள் பாருங்கள். வெப்லிக்கு ஏழு வரி (உட்சுவரில் திருகி ஓடும் பள்ளம்), வலப்பக்கம் திருகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு ஐந்து வரி, அதுவும் வலம். கோல்ட்டுக்கு ஆறு, இடம். எண்ணுவதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும், ஆனால் வெளி எழுத்தை அரத்தால் ராவியவர்கூட உள்ளே இருப்பதை மாற்ற முடியாது.

நான்காம் படி: போலீஸில் இருந்ததா?

இங்கேதான் பொறுமை வேண்டும். பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையம் இருந்தால் அது பணியில் இருந்த துப்பாக்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். முதுகுப் பட்டையிலோ (பிடியின் பின்புற இரும்பு) அடியிலோ இரண்டு, மூன்று இலக்க எண் தனியாகக் குத்தியிருந்தால் அது ஆயுத அறையின் ரேக் எண்ணாக இருக்கலாம். படையின் பெயர்ச்சுருக்கமும் சில நேரம் கூடவே இருக்கும். அம்புக்குறி அரசுச் சொத்து என்பதற்கு. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதை முறையாக வெளியே விற்றுவிட்டது என்று பொருள். இந்த இரட்டை அம்பு இருந்தால் வீட்டாருக்கு நிம்மதி. திருட்டுப் பொருள் என்ற சந்தேகத்துக்கு அது பதில் சொல்லும்.

கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்துத் தேறியது. அதுவே பி.என்.பி. என்று இருந்தால் 1950-களின் நடுவிலும் அதற்குப் பிறகும் சோதித்தது.

ஆச்சி வீட்டு ரிவால்வரைத் தோலுறையிலிருந்து மெல்லப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது, திறக்கும் நெம்பு தவிர இன்னொரு சின்ன நெம்பு. பாதுகாப்புப் பூட்டு! ரிவால்வரில் அது அபூர்வம். சிங்கப்பூர் போலீஸ் வைத்திருந்த வெப்லிகளில் அப்படிப் பூட்டு உண்டு. முதுகுப் பட்டையில் மூன்று இலக்க எண். "மாமனார் அங்கே ஒரு இன்ஸ்பெக்டர்கிட்ட வாங்குனதா சொல்வாக" என்று ஆச்சி முன்பே சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டுப் பேச்சும் இரும்பும் ஒன்றாகச் சேர்ந்து நின்ற அந்த நேரம் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனாலும் பேச்சை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. இரும்பும் அதையே சொல்ல வேண்டும்.

பொய் முத்திரையும் உண்டு. போலீஸ் எழுத்து இருந்தால் மதிப்புக் கூடும் என்று பின்னால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூச்சுக்கு முன் குத்திய எழுத்தின் குழிக்குள்ளும் கறுப்பு இருக்கும். பின்னால் குத்தியதில் எழுத்தோரம் உலோகம் லேசாக மேடு தட்டி, குழி வெளுப்பாகத் தெரியும். பணியில் இருக்கும்போதே படைகள் குத்திய ரேக் எண்ணும் அப்படித் தெரியலாம் என்பதால், வெளுப்பை மட்டும் பார்த்துப் போலி என்று தள்ள வேண்டாம், வயதுக்கேற்ற அழுக்கும் தேய்மானமும் அதில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பட்டறையில் செய்த முழுப் போலிகளில் எழுத்துகள் வரிசை தவறி நிற்கும், ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை இருக்கும், சில ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருக்கும். அப்படி ஒன்று தெரிந்தால் மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

வரிசை எண் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். பல வருடத்துக்கு முன் எனக்கு வேண்டிய ஒருவரின் 'விக்டரி' ரிவால்வருக்கு உரிமப் புத்தகத்தில் எண் எழுதிக் கொடுத்த அலுவலகத்தில், சிலிண்டரைத் தாங்கும் கைக்கு உட்புறம் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டார்கள். அது தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது போட்ட எண். உண்மையான வரிசை எண் பிடியின் அடியில் இருக்கும். புதுப்பிக்கப் போனபோது எண் ஒத்துவரவில்லை என்று, ஒரு குற்றமும் செய்யாத மனிதரை மாதக் கணக்கில் அலைய விட்டார்கள். நானும் கூடவே அலைந்தேன். அதனால் புத்தகத்தில் இருக்கும் எண்ணையும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணையும் நீங்களே ஒப்பிடுங்கள். வெப்லி என்றால் உடல், பேரல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மாறினால் அந்தப் பாகம் வேறொன்றிலிருந்து வந்தது.

ஐந்தாம் படி: எந்தத் தோட்டா?

.38 என்று எழுதியிருந்தால் எல்லா .38-உம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். வெப்லி, என்ஃபீல்டு, பிரிட்டனுக்குப் போன விக்டரி மூன்றும் ஏற்பது குட்டையான .38. அதன் பித்தளைக் குடுவை 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க .38 ஸ்பெஷலின் குடுவை 29 மில்லிமீட்டரைத் தாண்டும், ஆனால் சற்று ஒல்லி. போருக்குப் பிறகு விற்ற பல விக்டரிகளின் அறைகளை நீளமாகக் குடைந்து ஸ்பெஷல் போடும்படி செய்துவிட்டார்கள். பின்பக்கம் அகலம் அப்படியே இருப்பதால் அதில் சுடும்போது குடுவை உப்பும், சில சமயம் வெடிக்கும். சிலிண்டரின் அறைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். படி போன்ற ஒரு விளிம்பு நடுவில் தெரிய வேண்டும். அது முன்வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தால் குடைந்திருக்கிறார்கள். அதே போல .455 வெப்லியின் சிலிண்டர் பின்புறத்தைச் சீவி .45 பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றியவையும் உண்டு. அந்தத் தோட்டாவின் அழுத்தம் இதன் தாங்குசக்தியை மீறியது. இப்படிக் கை வைத்தவற்றைச் சுடவே கூடாது.

சட்டத்திலும் இது முக்கியம். .380, .455 விளிம்புத் தோட்டா ஏற்கும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட துளை, அதாவது கடைக்காரர்கள் 'பி.பி.' என்று சொல்லும் வகை. அதற்கு உரிமம் தருவது கலெக்டர் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகம். .32 என்றால் 'என்.பி.பி.', அதாவது தடை இல்லாத துளை, கலெக்டர் அளவிலேயே முடியும். ஆச்சியின் மகனுக்கு இதைத்தான் முதலில் விளக்கினேன், ஏனென்றால் இரண்டுக்கும் அலைச்சலும் காலமும் வேறு.

ஆறாம் படி: நிலை

போலீஸ் ரிவால்வரின் குணம் ஒன்று. சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. வருஷக் கணக்கில் உறையில் ஏறி இறங்கியதில் குழல் நுனியும் சிலிண்டரின் முன் ஓரமும் பூச்சுப் போய் வெள்ளி போலத் தெரியும், பிடியின் கட்டம் வழவழப்பாகி இருக்கும். உள்ளே திறந்தால் புதுசு மாதிரி இருக்கும். வெளியே அசிங்கம், உள்ளே ஆரோக்கியம். இது நல்ல சகுனம். தலைகீழாக, வெளியே கறுகறுவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். மறுபூச்சுப் பூசியதில் மூலைகள் உருண்டிருக்கும், திருகுத் துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும், எழுத்துகள் கரைந்திருக்கும். திருகுகளின் வாய் சிதைந்திருந்தால், சரியான டிரைவர் இல்லாதவர் உள்ளே கை விட்டிருக்கிறார்.

குழலின் பின்வாய் வழியாக ஒரு சின்ன டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். பழைய தோட்டாக்களில் தீப்பற்ற வைக்கும் மருந்து, சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுவைக்கும், அது ஈரத்தை இழுத்துக் குழலைப் பொத்தலாக்கும். அந்தக் காலத்தில் சுட்டதும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவியது இதற்காகத்தான். சிறு புள்ளிகள் பரவாயில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. அது தேறாது.

அடுத்தது இடைவெளி. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே எவ்வளவு சந்து என்று பார்க்க, பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி. சிலிண்டரை முன்னால் தள்ளி ஒரு தடவை, பின்னால் தள்ளி ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் சிலிண்டர் ஆடுகிறது. மடியும் வகையில் கீல் மூட்டையும் மேல் தாழையும் தனியாகப் பார்க்க வேண்டும். மூடிய பிறகு பேரலையும் பிடியையும் பிடித்து லேசாக அசைத்தால் 'டிக் டிக்' என்று ஆட்டம் கையில் தெரிந்தால், தாழ் தேய்ந்துவிட்டது. வெப்லிகளில் இதுதான் முக்கியமான நோய்.

அப்புறம் நேரம், அதாவது சிலிண்டர் சரியான சமயத்தில் பூட்டுகிறதா என்பது. காலி சிலிண்டரோடு, சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் கடைசி நிலையில் நிற்பதற்குள் சிலிண்டர் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாகப் பூட்டி ஒன்று மட்டும் பிந்துவது சகஜம், அதைத்தான் அவசரக்காரர்கள் தவற விடுவார்கள். பிந்தினால் தோட்டா குழலின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும், ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுத்தியல் முழுதாக நிற்கும்போது பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். நழுவி விழுந்தால் அது ஆபத்தான துப்பாக்கி. சுத்தியலை வெறுமனே விட்டு அடிக்காதீர்கள், விரலால் பிடித்து இறக்குங்கள். பழைய ஊசிமுனை உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவது?

ஆச்சி வீட்டு வெப்லியில் குழல் நன்றாக இருந்தது. சந்து 0.20. நான்காவது அறை மட்டும் மயிரிழை பிந்தியது. தோல் ஒட்டிய இடது பக்கத்தில் நகம் அகலத்துக்கு அரிப்பு. காட்சிக்கு முதல் தரம், சுடுவதற்கு ஆர்மரர் கை பட்ட பிறகு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏழாம் படி: வைத்திருப்பதா, கொடுப்பதா

விற்க நினைத்தால் வாங்குகிறவருக்கு அந்த வகைக்கான உரிமம் இருக்க வேண்டும். கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற முடியும். கடைக்காரர் மூலம் செய்வது எளிது. விலை பேசும்போது முத்திரை, ஒத்த எண்கள், தொடாத பூச்சு மூன்றும் கையில் இருந்தால் தைரியமாகப் பேசலாம்.

உரிமம் கைக்கு வந்து வீட்டில் வைப்பவர்கள், தோலுறையை வேறாக, துப்பாக்கியை வேறாக வையுங்கள். மெல்லிய எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, பூட்டும் இரும்புப் பெட்டியில் வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் கட்டும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது ரசீதில் எண் சரியா என்று பார்த்து, அன்றைக்கே ஒரு தடவை துடைத்து எண்ணெய் போடுங்கள்.

ஆச்சியின் மகன் விண்ணப்பம் போட்டிருக்கிறார். ரிவால்வர் இன்னும் மதுரையில்தான் இருக்கிறது. ரசீதை ஆச்சி பெட்டகத்தில், ரிவால்வர் கிடந்த அதே அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். தோலுறையை மட்டும் நான் வாங்கி வந்து நிழலில் உலர்த்திக்கொண்டிருக்கிறேன். உட்புறத்தில் நீல மையில் ஒரு எண் மங்கலாகத் தெரிகிறது, முதுகுப் பட்டையில் இருந்த அதே மூன்று இலக்கம்.